புகை ஜன்னலுக்கு, தொலி பெட்டிக்கு

பட்டறை அண்ணாச்சி பதில்கள்

போன இதழில் ஒருவருக்கு, வீட்டில் காப்பிக்கொட்டை வறுப்பதைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதன் பிறகு வந்த தபாலில் பாதிக்கு மேல் காப்பிதான். கோட்டாற்றில் தகரப் பட்டறை நடத்தி ஓய்ந்தவன் நான். கருப்பட்டி போட்டுக் குடிக்கிற ஆளிடம் காப்பி ருசியைப் பற்றிக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. தகட்டை எங்கே மடிக்க வேண்டும், காற்றை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகி: *அண்ணாச்சி, கரண்டில் ஓடும் அரைக்கிலோ டிரம் ரோஸ்டர் வாங்கியிருக்கிறேன். 1600 வாட். அடுக்களையில் வைத்து வறுத்தால் வீடு முழுக்கப் புகை, அத்தைக்கு இருமல். வறுக்கும்போது கொட்டையிலிருந்து உரிகிற தொலி பறந்துபோய் சாமிப் படம் வரைக்கும் ஒட்டுகிறது. வாடகை வீடு என்பதால் சுவரில் ஓட்டை போட முடியாது. வறுக்காத நாளில் ஸ்டோர் ரூமுக்குள் தள்ளி வைக்கிற மாதிரி சக்கரம் வைத்த மேசையாக வேண்டும். புகையும் தொலியும் வெளியே போக வேண்டும். அவர் சவுதியில் இருக்கிறார், வெல்டிங் கடையில் நான்தான் நின்று சொல்லிச் செய்ய வேண்டும்.*

தங்கச்சி, நீங்கள் நின்று சொல்லிச் செய்வதுதான் நல்லது. ரோஸ்டரைப் பயன்படுத்துகிற ஆள் பக்கத்தில் நிற்காமல் செய்த மேசைகள் எத்தனையோ என் பட்டறைக்குத் திரும்பி வந்திருக்கின்றன.

முதலில் புகையையும் தொலியையும் மனதில் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே ஃபேன் இழுத்து வெளியே தள்ளிவிடும் என்று நினைத்தால், மூன்றாம் மாதம் ஃபேன் இறக்கையில் தொலியும் காப்பிப் பிசினும் சேர்ந்து அப்பிக்கொண்டு நிற்கும். அது காய்ந்த சருகு, தீக்குச்சி பட்டால் போதும். ஆகவே தொலி வழியில் விழுந்துவிட வேண்டும், புகை மட்டும்தான் ஃபேன் வரைக்கும் போக வேண்டும்.

தொலியை விழவைக்க என்ன செய்வது? ரைஸ் மில் கூரைக்கு மேல் தகரக் கூம்பு ஒன்று நிற்குமே, உமித்தூசியைச் சுழற்றிக் கீழே தள்ளுகிற சைக்ளோன், அதைச் சின்னதாகச் செய்து தரச் சொல்லிச் சிலர் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம். சைக்ளோனுக்குள் காற்றைச் சுழற்ற நல்ல அழுத்தம் வேண்டும். ஜன்னலில் வைக்கிற 6 அங்குல ஃபேனுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதற்கென்று புளோயர் வைத்தால் மில் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அத்தைக்கு இருமல் போய்த் தலைவலி வரும்.

ஒரு ஜிஐ தகட்டுப் பெட்டி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்த பெட்டி, போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 18 அங்குலம். கணக்கைப் பாருங்கள்: 6 அங்குலக் குழாயின் வாய் 28 சதுர அங்குலம், பெட்டியின் குறுக்குப் பரப்பு 324. குழாயில் விறுவிறுவென்று வந்த காற்று பெட்டிக்குள் நுழைந்ததும் வேகம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். தொலியைத் தூக்கிப் பிடிக்க அந்த வேகம் காணாது, விழுந்துவிடும். காற்று ஒரு பக்கம் மேலே நுழைந்து மறுபக்கம் மேலே வெளியேற வேண்டும். நடுவில் பாதி உயரத்துக்கு ஒரு தகட்டைத் தொங்கவிட்டால் காற்று கீழே இறங்கித்தான் ஏற முடியும். வெளியேறும் வாயில் எவர்சில்வர் கொசுவலைக் கம்பி மாட்டுங்கள். நைலான் வலையைக் கடைக்காரர் காட்டுவார், வாங்காதீர்கள், உருகிவிடும். பெட்டியின் அடியில் இழுப்பறை மாதிரி ஒரு தட்டு. ஒவ்வொரு தடவை வறுத்து முடித்து நன்றாக ஆறிய பிறகு தட்டை உருவிக் கொட்ட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

பெட்டிக்கு நுழைவாயில் இரண்டு வரும், இரண்டாவதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டுக்கும் கைப்பிடியோடு நகர்கிற தகட்டு ஷட்டர் கட்டாயம் வேண்டும். கொட்டை சூட்டில் முதல் தடவை பட்பட்டென்று வெடிக்கிற சமயத்தில் ஒரு தொலி கனல் பிடித்து உள்ளே போனால், ஃபேனை நிறுத்தி ஷட்டரைச் சாத்திவிட்டால் காற்றில்லாமல் அணைந்துவிடும். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே ஊதித் தீயை வளர்க்கும். ரோஸ்டருக்குள்ளேயே கொட்டை பற்றினாலும் முறை இதுதான்: சூட்டை நிறுத்து, ஃபேனை நிறுத்து, மூடியைத் திறக்காதே. மேசையின் கீழ்த்தட்டில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். கரண்டு சாமானில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி கூடு, அதாவது ரோஸ்டருக்கு மேல் புகையை வாங்குகிற தகட்டு மூடாக்கு. கடைக்காரர் சாமர்த்தியமாக, ரோஸ்டரின் புகைவாயிலேயே குழாயை இறுக்கி மாட்டித் தருகிறேன் என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபேன் டிரம்முக்குள்ளிருந்து சூட்டையும் சேர்த்து உறிஞ்சிவிடும், கொட்டை வேகாமல் வெளிறிப்போய் நிற்கும். மூன்று, நாலு விரல் இடைவெளி விட்டுக் கூட்டை மேலே நிறுத்தினால் புகையோடு அறைக் காற்றும் சேர்ந்து போகும். சூடு தணிந்துதான் ஃபேனுக்குப் போய்ச் சேரும். ஜன்னல் ஃபேன் எல்லாம் கொதிக்கிற காற்றைத் தாங்குவதற்குச் செய்தவை அல்ல.

ஃபேன் எங்கே இருக்க வேண்டும்? கடைசியில், ஜன்னலில். மேசையில் வைத்து வெளியே தள்ளினால், அதற்கப்புறம் உள்ள குழாயில் எங்கே இடுக்கு இருந்தாலும் புகை வீட்டுக்குள் கசியும். ஜன்னலில் இருந்து இழுத்தால் இடுக்கு வழியாக வீட்டுக் காற்று உள்ளே போகுமே தவிர, புகை வெளியே வராது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாடகை வீடு என்கிறீர்கள். ஜன்னல் கதவை வெளியே திறந்துவிட்டு, கம்பிக்கு உட்பக்கம் அளவெடுத்து 12 மில்லி பிளைவுட் பலகை ஒன்றைச் செருகுங்கள். அதில் 6 அங்குலத் துளை, துளையில் ஃபேன். வறுத்து முடிந்ததும் பலகையை எடுத்து மேசைக்குப் பின்னால் சாய்த்து வைக்கலாம், வீட்டுக்காரருக்கு ஒரு ஆணித்துளை கூடத் தெரியாது. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, ஆகவே குழாய் வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கட்டும்.

மேசைக்கு ஒரு அங்குல ஸ்கொயர் பைப். அகலம் 24 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், அடுக்களைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான் இருக்கும். நீளம் மூன்றடி, உயரம் 32 அங்குலம், மேலே கடப்பா கல். கல்லின் கனம் மேசையை ஆடாமல் வைத்துக்கொள்ளும், சூடும் தாங்கும். சக்கரம் 4 அங்குலம், இரண்டுக்கு பிரேக். இரண்டங்குலச் சக்கரம் விலை குறைவுதான், ஆனால் நிலைப்படியில் முட்டி நிற்கும். தொலிப்பெட்டி கீழ்த்தட்டில் உட்காரட்டும்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. கொட்டையை டிரம்மிலிருந்து கொட்டிய பிறகும் அது புகைந்துகொண்டேதான் இருக்கும். கூட்டை விட்டு விலக்கி அடுக்களைத் திட்டில் ஆறவைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். மேசைக் கல்லில் ஒரு வட்டம் வெட்டி, அதன் மேல் துளைபோட்ட எவர்சில்வர் தட்டு, அதன் கீழிருந்து ஒரு குழாய் நேரே தொலிப்பெட்டிக்கு. வறுக்கும்போது அந்த வழி ஷட்டரைச் சாத்தி வையுங்கள். கொட்டியதும் கூட்டு வழியைச் சாத்தி இதைத் திறவுங்கள். அதே ஃபேன் காற்றைக் கொட்டை வழியாகக் கீழே இழுக்கும். நாலைந்து நிமிடத்தில் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும், மிச்சத் தொலியும் பெட்டிக்குப் போய்விடும். அரைக்கிலோ பச்சைக்கொட்டை போட்டால் ஆறிய பிறகு 420, 430 கிராம் இருக்கும். குறைந்ததில் பெரும்பங்கு ஈரம்தான், யாரும் திருடவில்லை.

கரண்டு: 1600 வாட் என்றால் 7 ஆம்பியர். 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாக மாட்டுங்கள், நீட்டு வயர் பெட்டி வேண்டாம். மேசை முழுக்க இரும்பு என்பதால் சட்டத்துக்கு எர்த் வயர் கொடுக்கச் சொல்லுங்கள். ஃபேனை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். பாதி வறுவலில் கரண்டு போனால் ரோஸ்டர் நின்றுவிடும். உடனே கொட்டித் தட்டில் ஆறவைக்க ஃபேனாவது ஓட வேண்டும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் கொட்டை போடாமல் ஓட்டிப் பாருங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கூட்டின் நாலு ஓரத்திலும் பிடியுங்கள். புகை உள்ளே வளைந்தால் சரி. வளையவில்லை என்றால் ஃபேனைக் குறை சொல்வதற்கு முன்னால் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். வெளியே போகிற அளவு காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் எந்த ஃபேனும் இழுக்காது.

ஆரல்வாய்மொழி வாசகர்: *ஜன்னலில் ஃபேன் வைத்துத்தான் வறுக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் ஒரு குறையும் இல்லை. ஆடி மாதம் புகை முழுக்கத் திரும்பி என் முகத்தில் அடிக்கிறது. ஃபேன் கெட்டுவிட்டதா? ஜன்னல் மேற்குப் பக்கம்.*

தம்பி, முப்பந்தலில் அத்தனை காற்றாடியை நட்டு வைத்திருப்பது எதற்காக? கணவாய் வழியாக மேற்கே இருந்து வருகிற தென்மேற்குக் காற்றுக்கு எதிராக உங்கள் ஃபேன் மல்லுக்கட்டுகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் சுமார் 60 பாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் முழு மூச்சைப் பிடித்துத் தள்ளினாலும் அந்த அளவை எட்டுவது கஷ்டம். பெரிய ஃபேன் வாங்கப் போகாதீர்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கிழக்கு ஜன்னலுக்குப் போங்கள். காற்று வீட்டைச் சுற்றிப் போகும்போது மறுபக்கம் தானாகவே வெளியே உறிஞ்சும், ஃபேனுக்கும் வேலை மிச்சம். வாடைக்காற்று தொடங்கியதும் மேற்கே திரும்பி வந்துவிடலாம். தக்கலைத் தங்கச்சியின் சக்கர மேசை ஸ்டோர் ரூமுக்காக, உங்களுக்கோ காற்றுக்காகவே சக்கரம் வேண்டும். கிழக்குப் பக்கம் ஜன்னலே இல்லை என்றால், குழாயைக் கூரை விளிம்புக்கு மேல் இரண்டடி ஏற்றித் தொப்பி போடுங்கள். பக்கவாட்டில் அடிக்கிற காற்று அங்கே உங்களை முறைக்காது.

குளச்சல் வாசகர்: *புகைக்குழாய்க்கு பிவிசி போடலாமா? தகடு என்றால் எங்கள் பக்கம் ஒரு வருஷத்தில் துருப்பிடிக்கிறது.*

பிவிசி கூடவே கூடாது. 80 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும், எரிந்தால் அதன் புகை காப்பிப் புகையை விடப் பொல்லாதது. கடற்கரைக் காற்றில் ஜிஐ நிற்காது என்று நீங்கள் சொல்வது சரி. கூடும் பெட்டியும் 304 ரக எவர்சில்வரில் செய்யுங்கள். அதிலும் பழுப்புப் புள்ளி விழும், ஆனால் ஜிஐ மாதிரிச் சீக்கிரம் அரிக்காது. ஜன்னல் வரை போகும் குழாய்க்கு சிம்னிக்குப் போடும் அலுமினிய மடிப்புக் குழாய் போதும், கெட்டால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். மடிப்பை முழுக்க இழுத்து நேராக்கி மாட்டுங்கள். சுருங்கிக் கிடந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் பிசின் தங்கும், காற்றும் திணறும்.

நாகர்கோவில், ஃபிளாட்டில் இருந்து ஒரு டீச்சர்: *அடுக்களையில் ஏற்கெனவே சிம்னி இருக்கிறது. அதன் கீழே வைத்து வறுத்தால் போதாதா? கரி ஃபில்டர் போட்ட, குழாய் இல்லாத மாடல்.*

டீச்சர், குழாய் இல்லாத சிம்னி என்றால் போதாது. கரி ஃபில்டர் வாடையைக் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். காப்பிப் புகையில் கண்ணை எரிக்கிற அக்ரோலின் மாதிரிச் சாமான்களும் இருக்கின்றன, கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. மோனாக்சைடைக் கரி ஃபில்டர் தடுக்காது, உங்கள் அடுக்களைக்கே திருப்பி விட்டுவிடும். வெளியே குழாய் போகிற சிம்னியாக இருந்தால் அரைக்கிலோவுக்குத் தாங்கும். அப்போதும் தாளித்த எண்ணெய் பிடித்த ஃபில்டரில் தொலி போய் ஒட்டும், அது தீக்கு அழைப்பு. தொலியை ரோஸ்டரிலேயே பிடித்துவிட்டால் மட்டும் செய்யுங்கள்.

உங்களுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. வறுவலைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். கொட்டை 196 டிகிரி வாக்கில் முதல் தடவை பட்பட்டென்று வெடிக்கும், தொலியில் பெரும்பகுதி அதற்குள் கழன்றுவிடும். 224 வாக்கில் இரண்டாவது வெடிப்பு, சத்தம் மெல்லியதாக நொறுநொறுவென்று இருக்கும். புகை கட்டுக்கடங்காமல் போவதும், எண்ணெய் மினுங்குவதும் அங்கேதான். ஃபில்டர் காப்பிக்கு அந்தக் கருப்பு வேண்டும் என்று கடைக்காரர்கள் பழக்கிவிட்டார்கள். இரண்டாவது வெடிப்புக்கு முன்னாலேயே இறக்கினால் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து கதவைத் தட்ட மாட்டார்கள்.

குலசேகரம் வாசகர்: *ரப்பர் தோட்டத்து ஓரத்தில் ரோபஸ்டா செடி கொஞ்சம் நிற்கிறது. பழத்தை அப்படியே காயவைத்து, உரலில் இடித்து, நானே வறுக்கிறேன். கடையில் வாங்கிய கொட்டையை விடத் தொலி ரொம்ப வருகிறது. ஏன்? தொலியை என்ன செய்யலாம்?*

பழத்தோடு காயவைத்தால் அப்படித்தான். தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த கொட்டையில் உள்தொலி ஓரளவு முன்பே போயிருக்கும், உங்களுடையதில் முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். இடித்ததும் சுளகில் நன்றாகப் புடையுங்கள். பிறகு துணியில் போட்டுத் தேய்த்து மறுபடி ஒரு தடவை. பாதித் தொல்லை முற்றத்திலேயே தீர்ந்துவிடும். உங்கள் ஊரில் மழை விட்டு வெயில் வருவதே அதிசயம், ஆகவே காயவைப்பதில் அவசரப்படாதீர்கள். கொட்டையின் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்கு வர வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சாக்கில் பூசணம் பிடிக்கும், வறுக்கும்போது வெளியே கருகி உள்ளே வேகாது. ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை தேறினால் கணக்குச் சரி. தொலியை நனைத்து எருக்குழியில் போடுங்கள். நனைக்காமல் போட்டால் அடுத்த காற்றுக்கு உங்கள் திண்ணைக்கே வந்துவிடும். மாட்டுக்கோ கோழிக்கோ வைக்க வேண்டாம், அதிலும் காஃபின் உண்டு.

காப்பி நம் மலைக்கு அன்னியம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அசம்பு மலையில் காப்பி போட்டார்கள், இலைத்துரு நோய் வந்து கெடுத்தது. ரப்பர் எல்லாம் அதற்கப்புறம் வந்தது. உங்கள் செடிகளின் இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி தெரிகிறதா என்று அவ்வப்போது புரட்டிப் பாருங்கள். ரோபஸ்டா ஓரளவு தாங்கும்.

மார்த்தாண்டம் வாசகர்: *கேஸில் சுற்றும் உருளை வைத்திருக்கிறேன். சிலிண்டரையும் அதே சக்கர மேசையின் கீழ்த்தட்டில் வைத்துவிடலாமா?*

வேண்டாம் தம்பி. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். அங்கேதான் தொலிப்பெட்டியும் இருக்கிறது. சிலிண்டர் வழக்கமான இடத்திலேயே நிற்கட்டும். மேசையைத் தள்ளிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் போங்கள், கூட்டை மட்டும் உருளைக்கு மேல் நீட்டுங்கள். ஃபேன் இழுவையில் அடுப்பின் நீலச் சுவாலை சாய்ந்தால் கூட்டை இன்னும் ஒரு சாண் உயர்த்துங்கள்.

கொல்லங்கோடு வாசகி: *வறுத்து ஆறிய உடனே டப்பாவில் அடைத்தேன். மறுநாள் மூடி தெறித்துக் கிடந்தது. ஏன்?*

புதுசாக வறுத்த கொட்டை கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். முதல் ஒன்றிரண்டு நாள் மூடியை இறுக்காமல் சும்மா கவிழ்த்து வையுங்கள், பிறகு இறுக்கலாம். அந்த டப்பாவைப் படுக்கிற அறையில் வைக்காதீர்கள், கொட்டை விடுகிற காற்றில் மோனாக்சைடும் கொஞ்சம் உண்டு. சிக்கரி சேர்க்கலாமா என்று அட்டையின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறீர்கள். அதை உங்கள் வீட்டு ஆட்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.